மடையும் மாந்தரும்

வளர்முக நாடுகளிலே தொழினுட்பத் திட்டங்களின் தொடக்க விழாக்களுக்குக் குறைவில்லை. அடிக்கல் நாட்டப்பெறுகின்றது, நாடா வெட்டப்பெறுகின்றது, இயந்திரம் முதன்முறை இயங்கும்பொழுது கூடிநிற்போர் கைதட்டுகின்றனர். சில ஆண்டுகள் கழிந்தபின் அதே இடத்துக்குச் செல்வோர் கதவு கழன்ற மதகையோ, கைப்பிடி ஒடிந்த குழாய்க் கிணற்றையோ, துருவேறிய குளிர்பதன அறையையோ காண நேர்வதுண்டு. இத்தகைய தோல்விகளுக்குக் காரணம் வினவுமிடத்து இருவகை விடைகள் கிடைக்கின்றன. மக்கள் அறியாமையில் ஆழ்ந்துள்ளனர், அவர்தம் பழக்கவழக்கங்களே முன்னேற்றத்துக்குத் தடை என்பது ஒரு சாராரின் கூற்று. மேனாட்டு இயந்திரம் இம்மண்ணுக்கு ஒவ்வாது, முன்னோர் சென்ற வழியே சிறந்தது என்பது மற்றொரு சாராரின் கூற்று. இவ்விரு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றினும் ஒரே தவற்றிலிருந்து பிறப்பவை. பண்பாடு ஒரு புறத்திலும் தொழினுட்பம் மறு புறத்திலும் தனித்தனியே நிற்பன என இரு சாராரும் எண்ணிவிடுகின்றனர்.

ஏர் ஒரு கருவி. ஆயின், எந்நாளிலே ஏர் பூட்டுவது, எவருடைய வயலுக்கு முதலில் நீர் பாய்ச்சுவது, உழவு மாடு இல்லாதவன் எவரிடம் இரவல் பெறுவது, பெற்றதற்கு ஈடாக எதனைக் கொடுப்பது, வாய்க்கால் வெட்டுதற்கு வராதவனை எவ்வாறு தண்டிப்பது என்னும் வினாக்களுக்கு ஏர் விடை கூறாது. அவ்விடைகளை ஊர் வைத்திருக்கின்றது. கருவியும் அவ்விடைகளும் சேர்ந்த வழியே உழவு நடைபெறுகின்றது. எனவே ஓர் ஊருக்குப் புதிய கருவி ஒன்றினைக் கொண்டுசெல்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அவ்வூர் வைத்திருக்கும் விடைகளையும் மாற்ற முற்படுகின்றார். திட்டங்கள் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இவ்வுண்மையிலிருந்து தொடங்குதல் வேண்டும். வெவ்வேறு நாடுகளில் நிகழ்ந்த சில நிகழ்ச்சிகளைச் சற்று விரித்து நோக்கின் இது தெளிவாகும்.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலே லொஸ் மொலினோஸ் என்னும் ஊரில் நிகழ்ந்தது இத்துறை மாணவர் பலரும் அறிந்த எடுத்துக்காட்டாகும். அவ்வூரார் பருகிய நீர் தூய்மையற்றது. எனவே நீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு இல்லத்தரசிகளுக்கு அறிவுறுத்தும் பணியைப் பொதுச் சுகாதாரத் துறை மேற்கொண்டது. சுகாதாரப் பணியாளர் ஒருவர் ஈராண்டுக் காலம் வீடு வீடாகச் சென்றார். மருத்துவரும் வந்து உரையாற்றினார். ஏறத்தாழ 200 குடும்பங்களுள் 11 குடும்பங்களே புதிதாக அவ்வழக்கத்தை மேற்கொண்டன. 1955 ஆம் ஆண்டிலே எட்வேட் வெலின் என்னும் மானிடவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதற்கான காரணங்களை விளக்கிற்று. அவ்வூராரின் எண்ணத்திலே உணவுப் பொருள்கள் யாவும் சூடு, குளிர்ச்சி என்னும் குணங்களை இயல்பாகவே உடையன. பச்சைத் தண்ணீர் மிகுந்த குளிர்ச்சியுடையது. நோயாளி அதனைத் தாங்கான். ஆகவே நோயாளிக்கு மட்டும் நீரைக் கொதிக்கவைத்துக் கொடுப்பர். நலமுள்ள ஒருவன் கொதித்தாறிய நீரைப் பருகுவது தன்னை நோயாளியெனக் கூறிக்கொள்வதற்கு ஒப்பாகும். சூடு, குளிர்ச்சி பார்த்து உண்ணும் தமிழ் வீடுகளிற் பிறந்தோர்க்கு இவ்வெண்ணம் புதுமையாகத் தோன்றாது.

ஆனால், வெலின் கூறியது இவ்வளவோடு முடியவில்லை. விறகு அரிதாக இருந்தது. பெண்கள் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்குமிடையே ஓய்வின்றி உழன்றனர். நீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பதற்கு நேரம் வேண்டியிருந்தது. பணியாளரின் சொல்லைக் கேட்டோருட் சிலர் ஊரிலே வேரில்லாதவர்கள். அவர்களைப் பின்பற்ற ஏனையோர் விரும்பவில்லை. எனவே நம்பிக்கை, விறகு, நேரம், அயலாரின் மதிப்பு ஆகிய யாவும் ஒரு பானைத் தண்ணீரைச் சூழ்ந்து நின்றன. கிருமி பற்றிய அறிவை மட்டும் சுமந்து சென்றவருக்கு அப்பானையை அடுப்பில் ஏற்ற இயலாமற்போயிற்று.

பண்பாட்டைக் கவனியாமையால் விளைந்த கேட்டுக்குக் கென்யாவின் வடபாலுள்ள துர்க்கானா ஏரிக்கரை மற்றுமோர் எடுத்துக்காட்டாகப் பன்முறை கூறப்படுகின்றது. அங்கு வாழும் துர்க்கானா மக்கள் மாடும் ஆடும் ஒட்டகமும் மேய்ப்போர். வறட்சியாற் பலமுறை மந்தைகளை இழந்த அம்மக்களுக்கு ஏரி மீன் நிலையான வாழ்வளிக்கும் என்னும் நல்லெண்ணத்தோடு நோர்வே நாடு உதவ முன்வந்தது. கலோக்கொல் என்னுமிடத்திலே மீனைப் பதப்படுத்தி உறையவைக்கும் ஆலையொன்று எழுந்தது. ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் அமெரிக்க டொலர் செலவான அத்திட்டத்தின் ஆலை 1981 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டுச் சில நாள்களே இயங்கிற்று. 'மேய்ப்பர் மீன்பிடியாளர் ஆவரோ? இது தெரியாதா?' என்று பிற்காலத்தவர் எள்ளினர். மந்தை உடையவனே மதிப்புடையவன், மீன்பிடிப்பவன் மந்தை இழந்த ஏழை என்னும் எண்ணம் அம்மக்களிடையே இருந்தது உண்மையே.

எனினும் எள்ளலோடு நின்றுவிடின் உண்மையின் ஒரு பாதி மறைந்துவிடும். அம்மக்களுட் பலர் உண்மையிலேயே ஏரிக்கு வந்தனர், மீன்பிடித்தனர். ஆலை நின்றமைக்குக் கணக்கே நெருங்கிய காரணம். கொடிய வெப்பமுடைய பாலை நிலத்திலே மீனை உறையவைப்பதற்கு வேண்டிய மின்சாரத்துக்கும் தூய நீருக்கும் ஆகும் செலவு மீனின் விலையை விஞ்சிற்று. 80களின் நடுப்பகுதியில் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்து, மீன் மிகுந்திருந்த பெர்குசன் குடாவும் வற்றிற்று. கரையோரத்திற் குவிந்த மந்தைகளுக்கு மேய்ச்சலும் போதவில்லை. ஏரி பெருகுவதும் வற்றுவதும் முதியோர் அறிந்த செய்தியே. மந்தையை ஓரிடத்தில் நிறுத்தாது ஓட்டிச் செல்லும் அவர்தம் வழக்கமே நிலையில்லாத மழைக்கும் நிலையில்லாத நீருக்கும் அவர்கள் கண்ட விடையாகும். எனவே இங்கு மேய்ப்பரின் வழக்கத்தைத் தடையென்று கூறுவது பொருந்தாது. திட்டம் வகுத்தோர் படித்திருக்க வேண்டிய ஏடு அது.

அதே கென்ய நாடு இதற்கு மறுதலையான காட்சி ஒன்றையும் தந்துள்ளது. நுண்கடன் பெற்றோர் தவணைப் பணத்தைக் கைத்தொலைபேசி வழியாகச் செலுத்துவதற்கு ஒரு முறை 2005 ஆம் ஆண்டிலே பரீட்சிக்கப்பட்டது. மக்களோ அதனைத் தமக்கு வேண்டியவாறு பயன்படுத்தலாயினர்; ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்பினர். நகரத்திலே உழைத்து ஊரிலுள்ள பெற்றோருக்கும் உறவினருக்கும் பணம் அனுப்புவது அந்நாட்டவரின் ஆழ்ந்த கடமையுணர்வு. பேருந்துச் சாரதியிடமும் ஊர் செல்லும் நண்பனிடமும் காசைக் கொடுத்தனுப்பிய மக்கள், அக்கடமையைச் செய்தற்கு ஒரு புதிய வழியைக் கண்டனர். நிறுவனத்தாரும் முன்னைய நோக்கத்தை விடாப்பிடியாகப் பற்றி நில்லாது, வீட்டுக்குப் பணம் அனுப்பும் சேவையாகவே 2007 மார்ச்சில் எம்-பெசாவைத் தொடங்கினர். அது நாடெங்கும் பரவியமைக்குக் கருவியின் திறன் மட்டும் காரணமன்று. உறவுக் கடமை என்னும் வாய்க்கால் முன்னரே வெட்டப்பட்டிருந்தது. நீர் அதன்வழி ஓடிற்று.

இவற்றினும் ஆழமானது இந்தோனேசியாவின் பாலித் தீவு புகட்டும் பாடம். எரிமலைச் சரிவுகளிலே படிப்படியாக அமைந்த அத்தீவின் நெல்வயல்களுக்குச் சிற்றாறுகளிலிருந்தும் சுரங்க வாய்க்கால்களிலிருந்தும் நீர் பாய்கின்றது. ஒரே நீர்மூலத்தைப் பகிரும் உழவர்கள் 'சுபாக்' என்னும் கூட்டமாக இணைந்துள்ளனர். கூட்டத்துக்குத் தலைவரைத் தாமே தெரிவு செய்கின்றனர். அணையைத் திருத்துவதற்கும் வாய்க்கால் துப்புரவு செய்வதற்கும் முறைவைத்து வருகின்றனர். வாராதவர் தண்டம் இறுக்கின்றனர். நீரைப் பங்கிடுதற்கு அளவாக வெட்டிய மரத்தடுப்புகளை வாய்க்காலிலே பதிக்கின்றனர். நீர் மிகினும் குறையினும் ஒவ்வொருவருக்கும் உரிய விகிதம் மாறாது செல்லும். பங்கு சரியாக உள்ளதா என்பதை வழியிற் செல்லும் எவரும் கண்ணாற் கண்டறியலாம். வயலின் வாய்மடையிலே சிறு தெய்வ மேடை. அணையண்டை ஒரு கோயில். பல சுபாக்குகளுக்குப் பொதுவான பெரிய நீர்க்கோயில். யாவற்றுக்கும் மேலாக எரிமலை வாயிலுள்ள பத்தூர் ஏரியின் தேவியான தேவி தனுவின் ஆலயம் என வழிபாட்டிடங்கள் நீரோட்டத்தின் வழியே நிரல்பட அமைந்துள்ளன. எப்போது உழுவது, எப்போது நடுவது, எப்போது நிலத்தைத் தரிசாக விடுவது என்பனவெல்லாம் அக்கோயில்களிற் கூடும் கூட்டங்களிலே, 210 நாள்கள் கொண்ட வழிபாட்டு ஆண்டையும் கருத்திற்கொண்டு, முடிவு செய்யப்பட்டன.

1960களின் பிற்பகுதியிலிருந்து இந்தோனேசிய அரசு பசுமைப் புரட்சியை முனைந்து நடத்திற்று. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966 இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 போன்ற குறுகியகால உயர்விளைவு நெல்லினங்கள், உரம், பூச்சிநாசினி, கடன் ஆகியவை ஒரே பொதியாக உழவருக்கு வழங்கப்பட்டன. முடிந்தமட்டும் இடைவிடாது நெல் விளைவிக்குமாறு அவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். 1979 ஆம் ஆண்டிலே ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு பெரியதொரு நீர்ப்பாசனத் திட்டமும் பாலியிலே தொடங்கிற்று. கோயில்களின் நாள்முறை, சமயச் சடங்கு எனக் கருதப்பட்டுப் புறக்கணிக்கப்பட்டது. அதனை எதிர்த்த எவரும் இல்லை என்றே கூறலாம். உழவரும் புதிய நெல்லை விரும்பியே ஏற்றனர். முதற்கண் விளைச்சல் பெருகிற்று.

பின்னர் பூச்சிகள் வந்தன. கபிலநிறத் தத்தி எனத் திணைக்களத்தாரும் அறக்கொட்டியான் எனக் கிழக்கிலங்கை உழவரும் கூறும் அச்சிறு பூச்சி வயல்களை எரித்துவிட்டாற்போலக் கருகச் செய்தது. அதனைத் தாங்கும் ஐ.ஆர். 36 என்னும் இனம் வந்தது. அதுவோ துங்ரோ என்னும் வைரசு நோய்க்கு இலக்காயிற்று. ஒவ்வொரு புதிய இனமும் ஒரு புதிய நோயாற் பின்தொடரப்பட்டது. தெளித்த நஞ்சு பூச்சியை உண்ணும் சிலந்தி முதலியவற்றையும் கொன்றமையாற் பூச்சியே மேலும் பெருகிற்று. 1986 ஆம் ஆண்டிலே இந்தோனேசிய அரசு நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிநாசினிகளைத் தடைசெய்ய நேர்ந்தமை இதன் கடுமையைக் காட்டும். நீரும் தாறுமாறாயிற்று. ஒருவர் உழும்பொழுது மற்றொருவர் அறுவடை செய்தார். ஒரே வாய்க்காலிலே ஒருவருக்கு நீர் மிஞ்ச, மற்றவருக்கு வறட்சி வந்தது. கோயில் முறைக்குத் திரும்பவேண்டுமென உழவர்கள் கேட்டபொழுது, அதிகாரிகளுட் சிலர் அதனைச் சமயப் பழைமைவாதம் என்றே எண்ணினர்.

கோயில் முறை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமர் என்போர் கணனி மாதிரியொன்றின் துணைகொண்டு விளக்கினர். ஊஸ், பெத்தானு என்னும் இரு ஆறுகளை அண்டிய 172 சுபாக்குகளை அவர்கள் ஆராய்ந்தனர். சிக்கல் இதுதான். அயலிலுள்ள வயல்கள் யாவும் ஒரே காலத்தில் அறுவடையாகித் தரிசாகக் கிடப்பின் பூச்சிக்கு உணவும் உறைவிடமும் இல்லை, அது மடியும். ஆகவே பூச்சியைக் கட்டுப்படுத்தப் பெரும் பரப்பிலே ஒரே நாளில் நடுதல் நன்று. ஆனால், எல்லோரும் ஒரே நாளில் நடின் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் நீர் வேண்டும். ஆற்றில் அவ்வளவு நீர் இல்லை. ஆகவே நீரின் பொருட்டு முறைவைத்து நடுதல் நன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பரப்பளவிலேதான் விளைச்சல் மிகுகின்றது. மாதிரியின்படி அப்பரப்பளவு ஏறத்தாழ நீர்க்கோயிற் கூட்டங்கள் இணைத்து நடத்திய பரப்பளவாகவே அமைந்தது. மேற்பகுதி உழவன் கீழ்ப்பகுதி உழவனுக்கு நீர்விட ஏன் இசைகின்றான் என்பதற்கும் இங்கே விடையுண்டு. கீழுள்ளவனுக்கு நீர் கிடையாவிடின் அவன் காலந்தவறி நடுவான். அவனுடைய வயலிற் பெருகும் பூச்சி மேலுள்ளவனைத் தேடி வரும். தேவியின் பெயராற் செய்யப்பட்ட நீர்ப்பங்கீட்டின் அடியிலே இத்தகைய ஒரு நுண்ணிய ஒப்பந்தம் இருந்தது.

1980களின் பிற்பகுதியிலே அபிவிருத்தி வங்கியின் மதிப்பீட்டறிக்கையும் மரபுமுறையின் சிறப்பை உணராமையால் நேர்ந்த இழப்பை ஏற்றுக்கொண்டது. 2012 ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் பாலியின் சுபாக் நிலத்தோற்றத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. எரிமலைப் பாறையினூடாக வரும் பாசன நீரே பொசுபரசையும் பொட்டாசியத்தையும் வயலுக்குக் கொணர்கின்றது என்பதும், அவ்வயல்களுக்கு அவ்வுரங்களை மிகுதியாக இட்டது வீண் என்பதும் பின்னர் ஆராய்ச்சியால் வெளிப்பட்டன. நீர் தேவியின் கொடை எனக் கருதிய உழவனின் கூற்றிலே வேதியியலாரும் ஓர் உண்மையைக் காண நேர்ந்தது. ஆயினும் பட்டியலிற் சேர்த்ததனால் வயல் நிலைத்துவிடாது. உல்லாசப் பயணத் தொழில் நிலத்தையும் நீரையும் இன்று வேறுவழியால் விழுங்கி வருகின்றது.

பாலியின் கதையைக் கேட்போர் பழைமையை அவ்வாறே போற்றினாற் போதும் என்னும் முடிவுக்கு வந்துவிடக்கூடும். அம்முடிவு எத்துணை ஆபத்தானது என்பதை உணர்தற்கு யாழ்ப்பாணத்துக் கிணறு போதும். ஆறில்லாத அக்குடாநாட்டிலே சுண்ணாம்புக் கற்பாறையினுள் தேங்கிய மழைநீரே தோட்டத்துக்கும் வீட்டுக்கும் வாழ்வு. துலாவும் பட்டையும் கொண்டு நீர் இறைத்த காலத்திலே விடியற்காலையில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திக்கு நீர் மாறுவர். பங்குக் கிணற்றிலே இறைப்புக்கு முறையிருந்தது. மனித உடலின் களைப்பே கிணற்றுக்கு ஓய்வளித்தது. 1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரம் பரவியபொழுது அதனை எவரும் எதிர்க்கவில்லை. எந்த வெளிநாட்டு நிபுணரும் வந்து போதிக்கவுமில்லை. மூவர் செய்த வேலையை ஒருவர் செய்ய முடிந்தது. மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் செழித்தன. ஆனால், உடலின் களைப்பு வகுத்திருந்த எல்லையை ஈடுசெய்வதற்குப் புதிய விதியொன்றை ஊர் வகுக்கவில்லை. மிகையாக இறைத்தமையால் உவர்நீர் மேலெழுந்தது. மிகையாக இட்ட உரத்தின் நைத்திரேற்று குடிநீரிற் கலந்தது. பண்பாடு எதிர்த்தால்தான் தொழினுட்பம் தோற்கும் என்பதில்லை. பண்பாடு ஓடிவந்து வரவேற்ற தொழினுட்பமும், அதற்குரிய ஒழுங்கு இல்லாதவிடத்து, ஊற்றையே கெடுத்துவிடக்கூடும்.

அக்கிணற்றுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினர் நன்னீர்க் கிணறுகளில் அள்ளுதல் கூடாது என்னும் தடை அச்சமூகத்திலே நெடுங்காலம் நிலவிற்று. குடத்தோடு கிணற்றடியில் நின்று, அள்ளி ஊற்றுவோர் வரும்வரை காத்திருந்த பெண்களின் நிலையும் அவ்வூர்ப் பண்பாட்டின் பாற்பட்டதே. உள்ளூர் வழக்கத்துக்கு மதிப்பளித்தல் வேண்டும் என்னும் அறிவுரையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றும் பொறியியலாளர் ஒருவர், ஊர்ப் பெரியவர்களைக் கலந்து, அவர்கள் காட்டிய வளவிலே குழாய்க் கிணற்றை அமைத்துவிட்டுச் சென்றால், கிணற்றோடு தடையையும் புதிதாகக் கட்டியவராவார். ஊர் என்று கூறுமிடத்து எவர் பேசுகின்றார், எவர் பேசாது நிற்கின்றார் என்பதை வினவாத பண்பாட்டுப் பற்று, வலியவர் பக்கமே சாயும். இதனை மறந்து எழுதப்படும் அபிவிருத்தி ஆய்வுகள் பாதி ஆய்வுகளேயாம்.

அவ்வாறாயின் பழைய ஒழுங்கு குறையுடையதாகவும், புதிய கருவி தானாக ஒழுங்கைத் தாராததாகவும் இருக்குமிடத்துச் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருவது கல்லோயாவாகும். தமிழர் பட்டிப்பளை ஆறு என அழைக்கும் அவ்வாற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949 இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்ப் பெருநீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. சேனநாயக்க சமுத்திரம் என அது பெயர்பெற்றது. அது நீரைப் பற்றிய திட்டம் மட்டுமன்று, குடியேற்றத் திட்டமுமாகும். அதன் மண்ணிலே 1956 ஜூனில் தமிழர்மீது வன்செயல் நிகழ்ந்தது. வாய்க்காலின் மேற்பகுதியிற் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளும், கடைப்பகுதியிலே தமிழ் பேசும் உழவர்களும் இருந்தமையால், நீர் கடைக்கு வாராதபோதெல்லாம் அது வெறும் நீர்ப்பற்றாக்குறையாகத் தோன்றவில்லை. மடை திறப்பதும் மூடுவதும் இனத்தின் செயலாகவே உணரப்பட்டது.

முற்காலத்திலே வயல்வெளிகளின் நீர்முறையைச் சிங்களப் பகுதிகளில் வெல் விதானையும், மட்டக்களப்புப் பகுதியில் வட்டவிதானையும் கவனித்தனர். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திற்று. விதானைமாருட் பலர் வலியவருக்குச் சார்பாக நடந்தனர் என்பதால் அச்சட்டத்துக்கு நியாயம் இருந்தது. எனினும் பெரிய குடியேற்றத் திட்டங்களிலே பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த மக்களுக்குப் பழைய தலைமையும் இல்லை. புதிய குழுவும் வேரூன்றவில்லை. 1970களின் இறுதியிற் கல்லோயா இடதுகரையின் வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுக் கதவுகள் உடைந்து கிடந்தன. உழவர் அரசின் வாய்க்கால் என்றனர். அதிகாரிகள் பொறுப்பற்ற உழவர் என்றனர்.

அமெரிக்க உதவியோடு அதனைப் புனரமைக்கும் திட்டம் 1979 இல் தொடங்கியபொழுது, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு முயற்சியை மேற்கொண்டன. இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாகப் பயிற்றப்பெற்று, 1981 ஆம் ஆண்டு முதல் உழவரின் ஊர்களிலேயே தங்கவைக்கப்பட்டனர். அவர்கள் சங்கத்துக்கு யாப்பு எழுதுவதிலிருந்து தொடங்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலைப் பகிரும் பத்துப் பதினைந்து உழவரைக் கூட்டி, முதலிற் செய்யத்தக்க வேலை யாது என்று வினவினர். வாய்க்கால் துப்புரவு என்று விடை வந்தது. சிரமதானம் என்னும் எண்ணம் அம்மக்களிடையே முன்னரே இருந்தது. அதனைப் பற்றிக்கொண்டு வேலை நடந்தது. வேலையிற் பிறந்த நம்பிக்கையின்மீது, வாக்கெடுப்பின்றி எல்லோரும் இசைந்த ஒருவர் பிரதிநிதியானார். அவ்வாண்டு நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைவு. எனினும் சில வாரங்களுக்குள் உழவர்கள் முறைவைத்து நீர் பாய்ச்சியும், மிஞ்சியதைக் கீழ்ப்பகுதிக்கு விட்டும் உதவலாயினர். பொறியியலாளர்கள் உழவரோடு வாய்க்கால் நீளம் நடந்து, எங்கு நீர் வடிகின்றது, எங்கு மதகு தாழ்ந்துள்ளது என்பவற்றை அவர்கள்வாய்க் கேட்டனர். நோர்மன் அப்கொவ் என்னும் கோர்னெல் பேராசிரியர் இம்முயற்சியின் வரலாற்றை 1992 இல் நூலாக எழுதினார்.

இதனை வெற்றிக் கதையாக மட்டும் கூறுவது நேர்மையாகாது. அமைப்பாளர் பதவி நிரந்தரமற்றது. ஆசிரிய நியமனம் கிடைத்தபொழுது பட்டதாரிகளுட் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். படித்த இளைஞனுக்கு நிரந்தர அரச உத்தியோகமே வாழ்வு என்னும் எண்ணமும் இந்நாட்டின் பண்பாடே. உழவரின் பழக்கங்களை ஆராய்ந்த திட்டம் தன் பணியாளரின் பழக்கத்தைக் கணக்கிடவில்லை. 1983க்குப் பின் நாடு சென்ற வழியை வாய்க்கால் முறையொன்றால் திருப்பிவிடவும் இயலாது. ஆயினும் கட்டியது முற்றாக அழியவில்லை என்பதற்குச் சான்றுண்டு. 1997 ஆம் ஆண்டின் சிறுபோகத்திலே நெற்செய்கைக்கு நீர் போதாதென்று நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்தது. உழவர் அமைப்புகள் கூடி, இருக்கும் நீரைச் சிக்கனமாகவும் சமமாகவும் பங்கிடுவதென இசைந்தன. ஏறத்தாழ 65,000 ஏக்கரிலே பயிரிடப்பட்டு, வழமையிலும் சிறந்த விளைச்சல் கிடைத்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலே மேற்பகுதிச் சிங்கள உழவர் கடைப்பகுதித் தமிழ் உழவரோடு நீரைப் பகிர்ந்தனர் என்பதை அப்கொவும் விஜயரத்தினவும் பதிவு செய்துள்ளனர். உடைந்த கதவுகளைத் திருத்துதற்குச் செலவான பணம் மட்டும் இதனைச் செய்திருக்க முடியாது. கதவு திருந்தாதிருப்பினும் இது நிகழ்ந்திராது.

மேற்கூறிய நிகழ்ச்சிகள் யாவும் ஒருமித்து உணர்த்துவது ஒன்றுண்டு. பண்பாடு என்பது திட்டத்தின் வழியிற் கிடக்கும் கல்லுமன்று. தொட்டால் உடைந்துவிடும் கண்ணாடியுமன்று. லொஸ் மொலினோசிலே அது நோய்க்கும் நலத்துக்கும் இடையே கோடு கிழித்தது; கென்யாவிலே பணத்துக்கு வழிகாட்டிற்று; பாலியிலே பூச்சியையும் நீரையும் ஒருங்கே ஆண்டது; யாழ்ப்பாணத்திலே ஒருவரைக் கிணற்றிலிருந்து விலக்கிற்று; கல்லோயாவிலே புதிதாகக் கட்டப்பட்டது. அது நன்மை, தீமை இரண்டையும் தாங்கி நிற்பது. மக்கள் தாமே கூடி மாற்றிக்கொள்ளத்தக்கது. ஆகவே திட்டம் வகுப்போர் வினவவேண்டியவை எளியனவே. இக்கருவி வருமுன் இவ்வேலையை எவர் செய்தனர்? எவ்விதி அதனை எல்லையிட்டது? அவ்விதியால் எவர் காக்கப்பட்டனர், எவர் விலக்கப்பட்டனர்? கருவி வந்தபின் அவ்விதியின் இடத்தில் எதனை வைப்பது, அதனை வைப்பதற்கு எவரெவர் கூடவேண்டும்?

இவ்வினாக்களுக்கு அலுவலகத்திலிருந்து விடை காண இயலாது. வாய்க்காலின் தலைப்பில் நின்று நோக்குவோர்க்கு நீர் எப்போதும் போதியதாகவே தோன்றும். கடைமடை வரை நடந்து சென்று, அங்குள்ள வயலின் வெடிப்பையும் அவ்வயலுக்கு உரியவரின் மொழியையும் அறிந்த பின்னரே ஒரு திட்டம் நிறைவேறிற்றா, இல்லையா என்பதைக் கூறமுடியும். பொறியியலும் விவசாயமும் பொருளியலும் கற்று வெளியேறும் இந்நாட்டு மாணவருட் பலர் நாளை ஏதோவொரு மதகின் சாவியைக் கையில் ஏந்தப்போகின்றவர்கள். அந்நடையை அவர்கள் நடப்பரோ என்பதிலேயே கடைப்பகுதி வயல்களின் அடுத்த போகம் தங்கியுள்ளது.